அக்காவின் அட்டையில் என் முகம்

அட்டைக்கு உரியவர் தராசின் முன்னால் நின்றால்தான் அவர் பறித்த தேயிலைக் கொழுந்தைக் கணக்கில் ஏற்க வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது மனிதர் இல்லை. அடியில் துப்பாக்கிப் பிடி வைத்த ஒரு கையடக்கக் கருவி. அதன் சிறிய திரையில் கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று ஆம், மற்றது இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிவிஷன் ஆபீசில் எனக்குத் தற்காலிக வேலை. சொந்த ஊர் நல்லேப்பிள்ளி பக்கம். சித்தூரில் பி.காம். முடித்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். கணவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். சீசன் தொடங்கிவிட்டால் வீடு தங்க மாட்டார். எங்கள் பெண் குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. குழந்தைகள் குறைந்துபோனதால் தோட்டத்துக் காப்பகத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். ஒரு நாள் அவளை ஆபீசுக்குத் தூக்கிப் போனேன். மேஜைக்கு அடியில் படுக்க வைத்தால் அழுதாள், மடியில் வைத்தால் கீபோர்டை இழுத்தாள். டிவிஷனைப் பார்த்துக்கொள்ளும் சார் திட்டவில்லை. "இது பற்றில்ல கேட்டோ" என்று மட்டும் மலையாளத்தில் சொன்னார். முடியாது என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. அவர் கொழுந்து பறிக்கிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம்வரை பறிப்பார். பிறகு குறுக்குப் பாதையில் ஏறி வந்து குழந்தையோடு இருப்பார். அவருக்கு ஒதுக்கிய செடி வரிசையில், அவர் நிரையில், மீதியை மற்ற பெண்கள் பறிப்பார்கள். தங்கள் கொழுந்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் அவருடைய சாக்கிலும் போட்டு, அவருக்குப் பதிலாக எடைக்கும் வைத்துவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒரு கை போடுறது'. எனக்காகக் கண்டுபிடித்தது இல்லை. லயத்தில் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருந்தால், ஒருத்திக்கு ஆபரேஷன் நடந்தால், ஒருத்தியின் மாமியார் படுத்துவிட்டால் இப்படித்தான் நடக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியும். சாக்கு நிறைந்திருந்தால் அவர் பேர் போட்டுவிடுவார். பேர் விழுந்தால் ஒரு முழு நாள் வேலை. சாக்கு குறைந்தால் அரைப்பேர்.

அக்காவுக்குப் பேர் விடாமல் விழ வேண்டும். அவர் கணவர் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர், இறந்துவிட்டார். லயத்து வீடு அவர் பேரில் இருந்தது. அக்கா இன்னும் தற்காலிகம்தான். இந்த வருடம் பேர் விடாமல் இருந்தால் நிரந்தரமாக்குவதாகவும், வீட்டை அவர் பேருக்கு மாற்றித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கருவி இருந்த பெட்டி ஜீப்பில் வந்து இறங்கியது. எல்லோருக்கும் கறுப்புக் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இனி அட்டையைக் கருவியால் ஸ்கேன் செய்ய வேண்டும், சாக்கைத் தராசில் வைக்க வேண்டும். எடை கம்பியில்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே போய்விடும். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று கருவியை அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்குத் தெரிந்தது டேலியும் எக்செலும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

எடைக் கொட்டகையில் நான் அதைக் கையில் பிடித்து நின்றதும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"யாரைச் சுட வந்திருக்க, ஆபீஸ் புள்ள?"

"மொதல்ல சூப்பர்வைசரச் சுடு. அப்புறம் எங்ககிட்ட வா."

சூப்பர்வைசர் சிரித்தார். "என்னச் சுட்டுட்டா ஒங்களுக்கு யாரு பேர் போடுவா?"

"அதான் துப்பாக்கி வந்துட்டுல்லா" என்றாள் ஒருத்தி.

என்னால் சிரிக்க முடியவில்லை. கருவி நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கவே இல்லை. கொட்டகைக் கூரையில் ரூட்டர் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. என் போனில் அதன் பெயர் தெரிந்தது. கருவியில் மட்டும் ஒன்றுமில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, அது முழுக்க அட்டையில் உள்ளதைப் போன்ற கோடுகள். முதலில் 'தொடக்கம்' என்ற கோட்டைச் சுட வேண்டும், பிறகு நமக்கு வேண்டிய அமைப்பின் கோட்டை, கடைசியில் 'முடிவு'. பக்கத்துக் கோட்டை விரலால் மூடிக்கொள்ளாவிட்டால் அதையும் சேர்த்துப் படித்துவிடும். என் விரல் நகர்ந்த ஒரு முறை, 'எல்லாவற்றையும் அழி' என்ற கோட்டைப் படித்துவிட்டது. சின்னஞ்சிறு கீபேடில் குத்திக் குத்தி ஏற்றிய பாஸ்வேர்டு, சர்வர் எண், தராசின் எண் எல்லாம் போயின. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். இளம் குரல் ஒன்று பொறுமையாகப் பேசியது.

"மேடம், சிக்னல் நல்லா இருக்குற இடத்துக்கு மெஷினைக் கொண்டு போங்க."

"மெஷின் வேலை செய்ய வேண்டிய இடமே இதுதானுங்க."

"அங்க கட்டடம் ஏதும் இல்லையா மேடம்?"

"தகரக் கூரை இருக்குதுங்க. மழை பேஞ்சிட்டிருக்குது."

"அப்ப மழை நின்னதும் ஒருதடவை ட்ரை பண்ணுங்க."

மழைக்காலத்தில் இந்த மலையில் மழை எப்போது நிற்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? போனை வைத்தேன். கொட்டகைக்கு மேலேதான் எங்கள் லயம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் குழந்தைகளின் அழுகை கேட்கும். கேட்டது. என் குழந்தையா, வேறு குழந்தையா என்று தெரியவில்லை. என் மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. மேலே மழைக்கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு மறுபடியும் பாஸ்வேர்டைக் குத்தினேன். எழுத்து ஒன்று தவறியது. அழித்துவிட்டு மீண்டும் குத்தினேன். அன்றைக்கு நான் செய்து முடித்தது எதுவுமே இல்லை. சார் ஆபீஸ் வாசலில் நின்று, "எந்தாயி?" என்று, என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "நாளைக்கு ஆயிருமுங்க சார்" என்றேன். எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஒரு விஷயம் புரிந்தது. அந்த ரூட்டர் இரண்டு அலைகளை விடுகிறது. அதில் ஒன்றைத்தான் இந்தக் கருவியால் பிடிக்க முடியும், அந்த ஒன்றை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அதை இயக்கியதும் பெயர் தெரிந்தது. ஆனாலும் சர்வர் ஏற்கவில்லை. கருவியின் தேதியைப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து கிடந்ததில் அது பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதியைத் திருத்தினேன். பீப் என்று ஒரு சத்தம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு வரி ஏறிவிட்டதாகச் சூப்பர்வைசரின் போனுக்கு அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சார் கொட்டகைக்கே இறங்கி வந்தார். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா செய்திருக்கு. இனி ஒண்ணு கூடி. முகம் இல்லாதெ ஒரு சாக்கும் ஏறண்டா. ஆ ஆப்ஷன் ஆன் ஆக்கிக்கோ."

அதாவது, அட்டையை ஸ்கேன் செய்ததும் கருவியின் கேமரா திறந்து எதிரில் நிற்பவரைப் படம் பிடிக்கும். படம் இல்லாவிட்டால் எடை ஏறாது. மற்ற தோட்டங்களில் வேலைக்கே வராதவர்களின் அட்டையில் எடை ஏற்றுகிறார்களாம். அதைத் தடுக்கத்தானாம். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

சோதித்துப் பார்க்க ஓர் அட்டை தேவைப்பட்டது. நனையக் கூடாது என்று பெண்கள் தங்கள் அட்டைகளை ஒரு தலை ரிப்பனில் கோத்துக் கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தார்கள். கைக்கு வந்ததை எடுத்தேன். அது அக்காவின் அட்டை. வேறு அட்டையை எடுத்திருக்கலாம், ஆனால் சார் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன ஆப்ஷனைத் திறந்ததும் முதலில் சொன்ன அந்தக் கேள்வி வந்தது. அதில் ஆம் என்பதைத் தொடாமல், சோதனைக்கு மட்டும் என்று ஒரு வழி இருந்தது. அதில் போய் ஸ்கேன் செய்தேன். கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு வெளிச்சம் அடித்தது. திரையில் அக்காவின் பெயர், அதற்குக் கீழே மழைக்கோட்டுத் தொப்பிக்குள் என் முகம்.

நானும் கொழுந்து கிள்ளப் போகிறேனா என்று சார் சிரித்தார். "நீயும் கொழுந்து நுள்ளான் போவாணோ?"

சுற்றி நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அக்கா எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வீட்டில், என் குழந்தையோடு. சாருக்கு மட்டும் தெரியாது. ஒருவேளை தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரோ, அதுவும் எனக்குப் புரியவில்லை. படத்தை அழித்தேன். "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்குதுங்க சார்" என்றேன். "மாசக் கடைசிக்குள்ள முடிச்சுத் தா. ஒண்ணாம் தேதி எல்லா ஷெட்டுக்கும் போகணும்" என்று சொல்லிவிட்டு அவர் மேலேறிப் போனார்.

அவர் தலை மறைந்த பிறகு ஒருத்தி அட்டையை என் கையிலிருந்து வாங்கி ரிப்பனில் கோத்தாள். "எங்க மூஞ்சிய எல்லாம் எடுத்து என்ன செய்யப் போறாங்களாம்? மாப்பிள்ளை பாக்கவா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாங்க கை போடுதோம். நீ எங்க கையக் கட்டிராத" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து குழந்தைக்குக் கேப்பைக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்போ இங்கன இருந்துக்கிட்டு அங்கன நிக்க முடியாது. அவ்வளவுதானே."

"ஏனுங்க்கா, கோவமா?"

"கோவப்பட்டு என்ன செய்ய? துப்பாக்கி ஓங் கையில இருக்கு."

"நான் வேணும்னா இல்லைன்னு போட்டுர்றேனுங்க. மெஷின்ல அது வேலை செய்யலைன்னு சொல்லிக்கலாம்."

"பொய் சொல்லி மாட்டிக்கிட்டா ஒன்னத் தூக்கிருவாங்க. கூடவே என்னையும் தூக்குவாங்க. ஆமாம்னே போடு. நான் தேயிலைக் காட்டுக்கே போயிருதேன்."

"பாப்பாவ?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். "கர்த்தர் ஒரு வழி வச்சிருப்பாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வழியையும் நீதான் மெஷின்ல ஏத்தணும் போலிருக்கு" என்றார். கிண்டலா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். குழந்தை அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வர மறுத்தாள்.

அன்றிலிருந்து எனக்குள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். கொழுந்து பொய் இல்லையே, ஒவ்வொரு இலையும் தராசில் ஏறியதுதானே, தோட்டத்துக்கு என்ன நஷ்டம் என்கிறாள் ஒருத்தி. ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருந்ததாகக் கணக்கு ஏறுவது பொய்தானே, அந்தப் பொய்யால் லாபம் அடைகிறவளே அதைக் கண்டும் காணாமல் விடலாமா என்கிறாள் இன்னொருத்தி. கணவரிடம் போனில் கேட்டேன். "நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா" என்றார். படித்தவளுக்குத்தான் தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். நான் விட்டால் கருவி வேறொருவர் கைக்குப் போகும். அவர் யோசிக்காமல் ஆம் என்பதைத் தொட்டுவிடுவார். என் குழந்தை என்னோடு இருப்பாள். அடுத்து பிள்ளை பெறப்போகிறவளுக்கு யார் கை போடுவார்கள்?

சாரிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். சொன்னால் அவர் நல்லவராக இருக்கலாம். காப்பகத்தை மீண்டும் திறக்கச் சொல்லி மேலே எழுதலாம். அல்லது, இதுவரை விழுந்த அக்காவின் பேர்களை எல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையால் அக்காவின் வீடு போய்விடும் என்றால், அந்த உண்மையைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா? இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கருவி என் மேஜையில் சார்ஜில் கிடக்கிறது. மாதக் கடைசி நெருங்குகிறது.

இதைப் படிக்கிறவர்களில் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள், பிள்ளையைப் பிறர் கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் இடத்தில் இப்படி ஒரு கருவி வந்தபோது என்ன செய்தீர்கள்? அக்காவின் பெயரைச் சொல்லாமல், காப்பகம் வேண்டும் என்று மட்டும் மேலதிகாரியிடம் கேட்க வழி உண்டா? நான் ஒருத்தி கேட்பதா, எல்லாப் பெண்களும் சேர்ந்து கேட்பதா? முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்றாவது யாராவது எழுதுங்கள்.