லாம்ப்ரே என்று ஒட்டப்பட்ட விலாங்கு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. முப்பது ஆண்டுகள் எங்களோடு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற மும்தாஜ் மேடம் தரங்கம்பாடியில் காலமாகிவிட்டார். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பதப்படுத்திய உயிரினங்களை ஜாடிகளில் வைத்திருக்கும் துறை மியூசியத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு லேபிளை மாற்றச் சொல்லி. அதைத்தான் நாம் செய்யவில்லை.

அவரிடம் படித்தவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் வாளி நினைவிருக்கும். மார்க்கெட்டிலிருந்து விரால், கெளுத்தி, ஆரால், அயிரை. ஊருக்குப் போய் வந்தால் குட்டிச் சுறாவும் இருக்கும். ஒவ்வொன்றின் வாயையும் மாணவர்களே திறந்து பார்க்க வேண்டும். "வாயைப் பாருங்க. எதைத் தின்னு பொழைக்குதுன்னு அதுவே சொல்லிடும்" என்பார். கவிச்சி தாங்காமல் பக்கத்து வகுப்பில் நான் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துவேன்.

ஒரு செய்முறைத் தேர்வில் நன்னிலத்து விவசாயி மகள் ஒருத்தி, லாம்ப்ரே என்று லேபிள் ஒட்டிய மியூசியம் ஜாடியைப் பார்த்து 'விலாங்கு' என்று எழுதிவிட்டாள். லாம்ப்ரே என்பது தாடையே இல்லாமல் வட்ட வாயால் உறிஞ்சி வாழும் ஆதி உயிர். நம் ஆறுகளில் கிடையாது. நான் சுழி போட்டேன். மேடம் ஜாடியைத் திறந்து, சிதைந்திருந்த வாயை இடுக்கியால் விலக்கிக் காட்டினார். உள்ளே தாடையும் பல் வரிசையும் இருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ விலாங்கைப் போட்டு லாம்ப்ரே என்று ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் படித்தோம்.

"வாய்க்கால் ஓரம் வளர்ந்த பொண்ணு சார். பார்த்ததை எழுதியிருக்கா" என்றார்.

அன்றைய துறைத்தலைவர் மசியவில்லை. "சிலபஸ்ல இருக்குங்க மேடம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா எதைக் காட்டுறது?"

"இல்லைன்னு எழுதி காலி ஜாடியை வைங்க. அதுவும் பாடம்தான்."

லேபிள் அப்படியே இருக்கட்டும் என்று கூட்டத்தில் மேடம் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும்தான். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது தலைவர் மேஜையில் இருந்தது. அந்தப் பெண்ணின் சுழியும் மாறவில்லை. ஓய்வு பெறும்வரை மேடம் ஆண்டுதோறும் ஒரு மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று ஆண்டுகளாகத் துறைத்தலைவர் நான்தான். செய்தி வந்த அன்று லேபிளைக் கிழிக்கத்தான் மியூசியத்துக்குப் போனேன். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் என்பது நினைவுக்கு வந்தது. பூட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவருடைய துணிவு என்னிடம் தங்கியிருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது பொய். இத்தனைக்கும் அவர் ஒரு நாள்கூட என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு மறந்திருப்பேன். நான் வாங்காத அந்தத் திட்டுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது.