வரிக் கட்டுரை எழுதினவளுக்கு ஒரு போன்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் ரோசம்மாளுக்குப் பில் போடுகிற வேலை. மத்திய வரி, மாநில வரி என்று வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தாலும், அந்தப் பணம் எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்று அவள் யோசித்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு வாரப் பத்திரிகைதான் யோசிக்க வைத்தது.

வரிப் பங்கீட்டுச் சண்டையைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் சிவரஞ்சனி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் முன்பு சட்டசபையில் பேசியதையும் இன்று பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். திட்டவில்லை, புகழவில்லை. பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை ரோசம்மாள் தலை நிமிரவில்லை.

ஊருக்குள் மடவார் வளாகத்தில் இருக்கும் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கணவர் நேசையன் ஒரு கட்சி, இவள் ஒரு கட்சி. சோற்றுத்தட்டை வைத்துக்கொண்டே மல்லுக்கட்டுவார்கள். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். சென்னையில் இருக்கும் மகள் பிளஸ்ஸிக்குப் போன் போட்டாள்.

"வரியாம்மா? மீட்டிங்ல இருக்கேன், பொறவு பேசுதேன்."

மறுநாள் மதியம் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து, பத்திரிகையில் இருந்த எண்ணுக்கே பேசினாள்.

"சந்தா புத்தகம் வரலியாம்மா?" என்றது ஓர் ஆண்குரல்.

"கடையிலதான் வாங்குதேன் தம்பி. வரிக் கட்டுரை நல்லா இருக்குன்னு எழுதுனவியகிட்ட சொல்லணும்."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்கம்மா. உங்க நம்பரைக் குடுங்க, சொல்றேன்."

குடுத்தாள். சொல்வான் என்று நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து உலை வைத்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான் சிவரஞ்சனி பேசுறேன். கட்டுரை படிச்சீங்களாமே."

"நல்லா இருந்துச்சும்மா," என்றாள். பிறகு, "ஆனா எங்க கட்சிக்காரவியளையும் நீங்க விடலியே."

சிவரஞ்சனி சிரித்தாள். "விட்டிருக்கணுமா?"

"விடக்கூடாதுதான். கோவமாத்தான் வந்துச்சு. திரும்ப வாசிச்சேன், சரியாத்தான் இருந்துச்சு."

சோறு பொங்கி அடுப்பை நனைத்தது. அதை அணைத்துவிட்டு வந்தும் பேசினார்கள்.

"இப்போ எங்க வேலை பாக்கிய?"

"இன்னும் எங்கயும் கிடைக்கலம்மா."

"எங்க எழுதுனாலும் சொல்லுங்க. வாங்கிருதேன்."

"சொல்றேன்மா."

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு கடையில் புது இதழைப் புரட்டினாள். வரி விஷயத்தை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். நாலு வரி படித்தாள். தலைவர்களின் அறிக்கைகள் மட்டும் இருந்தன. மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.