நூறு சீட்டுக்கு ஒரு சூட்கேஸ்

அம்மாவோடு புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போவதென்றால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட் வேலை. குதி உயர்ந்த செருப்பும் கைக்குட்டையில் ஓடிக்கொலோன் வாசனையுமாகக் கிழமை முழுக்க மிடுக்காகத் திரிந்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கையிலும் பையோடு அம்மாவின் பின்னால் இழுபட வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து நடைதான். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் ஒரு கட்டுக் கீரை வாங்கலாமாம்.

"அந்தக் கீரையை நீங்களே தின்னுங்கோ" என்பேன்.

"தின்னத்தானே போறன்" என்பார் அம்மா, நடையைக் குறைக்காமல்.

அம்மா கூப்பன் காலத்தில் குடும்பம் நடத்தப் பழகியவர். எழுபதுகளில் அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்ற நாட்களில், எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் எது மிச்சம், யாருக்கு எது தேவை என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஒரு வீட்டு மாவை இன்னொரு வீட்டுச் சீனிக்கு மாற்றிக் கொடுத்து, நடுவில் எங்களுக்கும் ஒரு கைப்பிடி தேற்றிவிடுவார். பிறகு திறந்த பொருளாதாரம் வந்து கடைகள் நிரம்பின. ஊரே அப்பாடா என்றது. அம்மாவுக்கு மட்டும் கை ஓடவில்லை. காசை நீட்டிச் சாமானை வாங்கிக்கொண்டு வருவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது? ஆகவே கழிவு விலைச் சாமான்களில் இறங்கினார். நசுங்கிய டின் மீன், உறை கிழிந்த சவர்க்காரம், நிறுத்து விற்கிற உடைந்த பிஸ்கட். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவரும் முழு பிஸ்கட்டைக் கண்டதில்லை.

"என்னையும் உடைஞ்ச சாமான் எண்டு விலை குறைச்சுத்தான் எடுத்தவ" என்பார் அப்பா. அவர் துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கிற லிகிதர். அம்மா சிரிக்கமாட்டார். "குறைச்சும் நட்டந்தான்" என்பார்.

அந்த வருஷந்தான் எனக்கு வெளிநாட்டு ஆசை பிடித்தது. வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் வேலை. நேர்முகப் பரீட்சையில் எடுபட்டு, பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது வீட்டுக்கு ஒருவர் இப்படிக் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவிடம் சொல்லத்தான் பயம். ஒற்றைப் பெண்பிள்ளை நான். ஒரு கிழமை தள்ளிப்போட்டு, கடைசியில் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப பெட்டி ஒண்டு வேணுமே" என்றார்.

அவ்வளவுதான். அழவில்லை, தடுக்கவில்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், பத்திக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுக் கண்ணீருக்குக்கூடவா நான் பெறுமதியில்லை? அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழும்பிவிட்டேன். அம்மா வழக்கம்போல இரண்டு தரம் கூப்பிட்டார். இரண்டாம் தரம் போய்ச் சாப்பிட்டேன்.

பெட்டிக்கு வழியைப் புறக்கோட்டையிலேயே கண்டுபிடித்தார். அங்கே ஒரு பெரிய கடை. கீழே பலசரக்கு, மாடியில் வீட்டுச் சாமான்கள். இருபத்தைந்து ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், முத்திரை குத்திய ரோஸ் நிறச் சீட்டு ஒன்று தந்தார்கள். நாற்பது சீட்டுக்கு அயன் பெட்டி, அறுபதுக்கு பிரஷர் குக்கர், நூறுக்கு ஒரு சூட்கேஸ். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணியோடு திட்டம் முடியும். சூட்கேஸைக் கண்ணாடி அலுமாரிக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள். கடும் நீலம், இரண்டு பித்தளைப் பூட்டு.

"நாங்க வாங்குற சாமானுக்கு நூறு சீட்டுச் சேரேக்க நான் கிழவியாயிடுவன்" என்றேன்.

"நாங்க வாங்கிறதெண்டு ஆர் சொன்னது?"

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு வீட்டுச் சாமான் எழுதிய துண்டுகள் எங்கள் கையில். சாமான் அவர்களுக்கு, சீட்டு அம்மாவுக்கு, சுமை எனக்கு. பக்கத்து ஒழுங்கையில் ஒரு கல்யாணம் வந்தபோது அம்மா அந்த வீட்டுக்காரரைவிடச் சந்தோஷப்பட்டார். ஒரே நாளில் பதினாறு சீட்டு. அந்த அரிசிப் பைகளைத் தூக்கி வந்ததில் என் ஒரு செருப்பின் குதி கழன்றது.

அது போதாதென்று பில் சேர்க்கிற வேலை வேறு. நாற்பது ரூபாய்க்கு வாங்கியவருக்கும் ஒரு சீட்டுத்தான், மிச்சப் பதினைந்து ரூபாய் வீண். அந்த வீண்போகிற பதினைந்து ரூபாய் அம்மாவுக்கு நெஞ்சில் குத்தியது. காசு கட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களின் பில்லை எட்டிப் பார்ப்பார். "தம்பி, என்ட பத்து ரூபாச் சாமானையும் உங்கட பில்லோட போடுங்கோ. நான் சல்லி தாறன். உங்களுக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒண்டு." ஆள் சிங்களவர் என்றால் "மல்லி, பொட்டக் இன்ன", அதாவது தம்பி கொஞ்சம் நில்லுங்கோ, என்று நிறுத்திவைத்து, பாதிச் சிங்களத்திலும் பாதிக் கைப்பாஷையிலும் அதையே விளக்குவார். அநேகம் பேர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள். ஒருநாள் அப்படி அவர் பிடித்து நிறுத்திய ஆள் என் ஒபிஸ் கணக்காளர். என் மானம் கப்பலேறியது. செத்தல் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். ஒளிந்து என்ன, தும்மல் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்ன மிஸ், இவ உங்கட அம்மாவா? நல்ல கெட்டிக்காரி" என்றார் அவர். அவருடைய சீட்டையும் அம்மாவுக்கே கொடுத்துவிட்டார். வீடு வரும்வரை நான் அம்மாவோடு கதைக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமையோடு நூறு நிறைந்தது. அப்பா ஒபிஸிலிருந்து கொண்டுவந்த மண்ணிறக் கடித உறை ஒன்றில் அம்மா அவற்றை அடுக்கி ஒட்டினார். செவ்வாய்க்கிழமை என் பகல் சாப்பாட்டு நேரத்தில் கடையில் சந்தித்துப் பெட்டியை எடுப்பதாக ஏற்பாடு. செவ்வாய் என்றால் அம்மா முதலில் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போவார். அங்கே கோடி அற்புதர் என்று நாங்கள் கூப்பிடுகிற புனிதரின் சுரூபத்துக்குப் பக்கத்தில் விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. நோய் மாற, வேலை கிடைக்க, பிள்ளை பிறக்க என்று சனங்கள் எழுதிப் போடுவார்கள். ஒழுங்கையில் எழுதத் தெரியாதவர்களின் விண்ணப்பங்களையும் அம்மாவே கொப்பித் தாள்களில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் திணித்துவிடுவார். அதிலும் சிக்கனம். அந்த உறையும் அப்பா கொண்டுவந்த மண்ணிற உறைதான்.

அன்றைக்குப் பகல் கடையில் கூட்டம் பொங்கி வழிந்தது. பரிசு கொடுக்கிற மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர். எங்கள் முறை வந்ததும் அம்மா கைப்பையிலிருந்து உறையை எடுத்து, "நூறும் சரியா இருக்கு, எண்ணிப் பாருங்கோ" என்று பெருமையாக நீட்டினார். அவர் உறையைக் கிழித்தார். உள்ளேயிருந்து கொப்பித் தாள்கள் வந்தன. சீட்டோடு வைத்த கடிதம் என்று நினைத்திருப்பார் பாவம், முதல் தாளை விரித்து உரத்து வாசித்தார்.

"கோடி அற்புதரே, என்ட மகளுக்கு விசா கிடையாமல் செய்தருளும்."

வாசித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "அம்மா, இது எங்களுக்கு இல்லைப் போல" என்று மெதுவாகச் சொல்லித் தாள்களை மடித்துக் கொடுத்தார்.

அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "ஐயோ, அப்ப சீட்டு?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு றோட்டுக்கு வந்தேன். மூட்டை சுமக்கிற நாட்டாமைகள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு "வழி, வழி" என்று கத்துகிறார்கள். அந்த நெரிசலுக்குள் நின்று நானும் கத்தினேன். "எத்தினை நாளா இது நடக்குது? மூண்டு மாசமா விசா விசா எண்டு நான் செத்துக்கொண்டிருக்கிறன், நீங்க செவ்வாய்க்குச் செவ்வாய் போய் எனக்குக் குழி வெட்டுறீங்களா? பிறகென்னத்துக்கு இந்தப் பெட்டி? ஆரை ஏமாத்த?"

"நான் ஆரையும் ஏமாத்தேல்ல."

"விருப்பமில்லை எண்டா முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே!"

அம்மாவும் இப்போது குரலை உயர்த்தினார். "சொன்னா நீ நிண்டிடுவாய். பிறகு காலம் முழுக்க என்னைப் பாத்துப் பாத்து மூஞ்சியைத் தூக்குவாய். உன்னை நான் மறிச்சனானா? உன்னட்ட ஒரு வார்த்தை சொன்னனானா? அவரிட்டத்தானே சொன்னனான். போறதெண்டாப் போ. போனா நல்ல பெட்டியோட போ. அவ்வளவுதான் என்ட கணக்கு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

மணி ஒன்றரை. சீட்டு நூறும் விண்ணப்பப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒபிஸ் கிடக்கட்டும் என்று நான் கொச்சிக்கடைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். அம்மா பின்னால் வந்தார். வாழ்க்கையில் முதல் தரம் அவர் என் பின்னால் இழுபட்டார்.

உறை மாறிய கதையைக் கேட்டும், கோயிலில் பெட்டியின் திறப்பு வைத்திருந்தவர் முதலில் மறுத்தார். புனிதருக்குப் போட்டதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லையாம். "அது அவருக்குப் போட்டதில்லை ஐயா, கடைச் சீட்டு. அவருக்குச் சூட்கேஸ் என்னத்துக்கு?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டைத் திறந்தார். குவிந்து கிடந்த கடிதங்களுக்குள் கையை விட்டுத் துழாவி மண்ணிற உறையை எடுத்துத் தந்தார். பிறகு, "மற்றதைப் போடேல்லையா? பூட்டப் போறன்" என்றார்.

அம்மா மற்ற உறையை என்னிடம் நீட்டினார். "மற்ற ஆக்களின்ட தாளைப் போடு, அதுகள் பாவம். என்டதைக் கிழிக்கிறதெண்டாக் கிழி."

கிழிக்கத்தான் எடுத்தேன். எடுத்தவள் முழுவதையும் வாசித்தேன். கடையில் அந்த மனிதர் வாசித்தது முதல் வரி மட்டுந்தான். கடைக்காரரோடு பேரம் பேசுகிற மாதிரியே அம்மா புனிதரோடும் பேசியிருந்தார். அது இல்லையென்றால் இதையாவது தாரும் என்று கீழே எழுதியிருந்தது.

"அது உமக்கு ஏலாதெண்டால், போற இடத்தில அவளுக்குப் பக்கத்தில ஆரையாவது வையும். அவள் கோபக்காரி. கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள். இரண்டாந்தரம் கூப்பிட்டால் வந்து சாப்பிடுவாள். இரண்டாந்தரம் கூப்பிடுகிற ஆளாப் பாத்து வையும்."

எனக்கு எழுத்து மறைந்தது. தாளை மடித்தேன். மற்றத் தாள்களோடு சேர்த்து உறைக்குள் வைத்துப் பெட்டிக்குள் போட்டேன்.

"என்னடி, போட்டிட்டியா? முதல் வரியோடயா?" என்றார் அம்மா.

"ஓம். அவர் எதைத் தாறாரோ தரட்டும்."

திரும்பிப் போனபோது கடையில் கூட்டம் குறைந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் சீட்டுகளை எண்ணிவிட்டு, கடும் நீலச் சூட்கேஸை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். வெறும் பெட்டிதானே என்று நான் தூக்கினேன். அம்மா விடவில்லை. கைபிடியின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டே கொட்டாஞ்சேனைவரை நடந்து வந்தார்.

தை மாதம் விசா வந்தது. நான் போனேன். அங்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை. மணி அடிக்கும், தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் மாதம் நாலைந்து நாள் கோபத்தில் போகாமல் இருந்துவிட்டு, பிறகு போகப் பழகிக்கொண்டேன். இதை நான் வீட்டுக்கு எழுதவில்லை.

அம்மாவின் இரண்டாவது கடிதத்தில், அந்தக் கடையில் புதுத் திட்டம் தொடங்கியிருக்கிறதென்றும், நூற்றிருபது சீட்டுக்கு ஸ்பொன்ஜ் மெத்தை கொடுக்கிறார்களென்றும் எழுதியிருந்தார். நான் இல்லாததால் சுமைதான் கஷ்டமாம், இரண்டு நடையாக நடக்கிறாராம். பஸ்ஸில் போங்கோ என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, மெத்தை வந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது.

முதல் லீவு கிடைக்க நான்கு வருஷம் பிடித்தது. வீட்டுக்குள் நான் காலடி வைக்கும்போது பின்னேரம் இரண்டு மணி. என் கட்டிலில் அந்த மெத்தை கிடந்தது. கடையில் போட்ட பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. அப்பாவுக்கு முதுகு நோவு வந்தபோதுகூட அம்மா அதைத் தரவில்லையாம். வந்த கையோடு அப்பா முறைப்பாடு சொன்னார். "புது மெத்தையை வச்சுக்கொண்டு என்னைப் பாயில போட்டவ."

அம்மா கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். பொலித்தீனை ஓரத்தில் வெட்டி, கிழியாமல் உரித்து, நாலாக மடித்து அலுமாரியில் வைத்தார். புது விரிப்பைப் போட்டுக் கையால் தடவி விட்டார். எதையோ சொல்ல வேண்டும் என்று, சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"அம்மா, எனக்கு ஆறு கிழமைதான் லீவு."

"தெரியும்" என்றார் அம்மா. "படு."