நீர்நாய் இனத்துக்கு நான் எழுதிய விதிகள்

எண்பதுகளின் நடுவில், ஞாயிறு பிற்பகல்களில், கொச்சியில் எங்கள் கொச்சங்காடி வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் ஓர் ஆட்டம் ஆடினோம். வில்லிங்டன் தீவில் என்னோடு துறைமுக வேலை பார்த்த மலையாளி, நாங்கள் அண்ணன் முறையில் சேட்டன் என்று அழைத்தவர்; அவருக்கு ஒரு கப்பல்காரர் கொடுத்துவிட்டுப்போன விதிப்புத்தகத்தில் தொடங்கியது அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்க்கும்; பெரிய எண் விழுந்தால் வெற்றி. நடத்தியவன் நான். நடந்ததையெல்லாம் அன்றன்றே நோட்டில் எழுதிவைத்தேன்.

புத்தகத்தில் மனிதர், குள்ளர், நீள்காது வனவாசிகள் என்று மூன்றே இனங்கள். சேட்டன் குள்ளனை எடுத்துக்கொண்டார். என் தங்கை புத்தகத்தை மூடினாள்.

“நேக்கு இதொண்ணும் வேண்டாம். நான் நீர்நாய்.”

“அது புஸ்தகத்துல இல்லை.”

“அப்போ நீ எழுது. ரூல் எழுதறதுன்னா நோக்கு சோறே வேண்டாமே!”

படகில் கல்லூரிக்குப் போகும்போது காயலில் நீர்நாய்களைப் பார்த்து வந்தவள் அவள்.

ஏழு பக்கம் எழுதினேன். நீரில் நெடுநேரம் மூச்சடக்கலாம். இருட்டில் மீசையால் வழியறியலாம். ஈடாக, தோல் காய்ந்தால் வலு குறையும்; கவசம் கூடாது. நியாயமாகத்தான் பட்டது. பிறகு இருவரையும் ஒரு மலைக்கோட்டைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூன்றாம் ஞாயிறு அவள் பகடையைத் தள்ளிவைத்தாள். “அடுத்த வாரம் ஆட்டத்துக்கு நான் வரலை. கோட்டை வாசல்ல காஞ்சு கெடக்க ஒரு இனம் எதுக்கு?”

“மோளே, ஒரு பக்கெட் வெள்ளம் கையில வெச்சோ,” என்று தண்ணீருக்கு வழி சொன்னார் சேட்டன். அவள் சிரிக்கவில்லை.

அவள் போனால் ஆட்டமே நின்றுவிடும். நோட்டைப் புரட்டி எண்ணினேன்: சேட்டன் பகடை உருட்டியது நாற்பத்தொரு முறை, அவள் நான்கு. விதிகளில் பிழையில்லை. அவளுக்கு இனத்தைக் கொடுத்த நான் இடத்தைக் கொடுக்கவில்லை.

இன்னும் ஒரு வாரம் மட்டும் வா என்று கேட்டுக்கொண்டேன். கோட்டையைக் காயல்கரைக்கு மாற்றி, எங்கள் தெருக் கிடங்குகளில் உள்ளதுபோல் தரையில் காயலுக்குத் திறக்கும் ஓர் ஓடை வரைந்தேன். அவள் தோலை நனைத்துக்கொள்ள அது போதும் என்பது என் எண்ணம்.

அந்த ஞாயிறு இருவரும் அந்த ஓடை ஓடும் நிலவறையில் அடைபட்டார்கள். குள்ளன் இரும்புக் கதவை இடித்தான். மூன்று முறையும் பகடை கைவிட்டது.

“அண்ணா, ஆட்டத்துல இப்போ மணி என்ன?”

“நாலரை.”

ஆட்டத்தின் கடிகாரத்தைக் கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் துறைமுக ஓத அட்டவணைப்படிதான் நடத்திவந்தேன். அவள் எட்டி அந்த அட்டவணையை எடுத்தாள்.

“அஞ்சு மணிக்கு ஏத்தம். ஓடை வழியா தண்ணி உள்ள ஏறும், நம்ம தெருவுல ஏறறாப்பல. முங்கி அதுவழியாவே வெளியில போயிடலாம்.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் அட்டவணை என்னுடையது, ஒப்புக்கொண்டேன்.

“அய்யோ, குள்ளனுக்கு நீந்தான் அறியாது!”

“முதுகுல ஏறிக்கோங்கோ சேட்டா. மீசையப் பிடிக்கப்படாது, சொல்லிட்டேன்.”

அவள் பகடையை உருட்டினாள். பதினேழு. தாராளமாகப் போதும்.

அட்டவணையை மடித்துத் தன் பையில் வைத்தாள். “அடுத்த ஞாயிறுக்கு நேக்கு வேணும்.”

“எனிக்கு இனி குள்ளன் வேண்டா,” என்றார் சேட்டன். “கொக்கு மதி.”

அவர் போதுமென்ற கொக்கும் புத்தகத்தில் இல்லை. வரைபடத்தை எடுத்து முதலில் ஒரு சேற்றுத் திட்டு வரைந்தேன். விதிகளை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.