லொரெய்னின் வெயிலும் சுகந்தியின் நிறமும்

ஒக்லாந்துக்கு வந்த முதற் கோடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தத் தெருவில் எங்களை விட்டால் வேறு தமிழ்ச் சனம் இல்லை. யாரப்பா இது நம்முடைய ஆட்கள் என்று எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு லொரெய்ன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், உடம்பில் பேருக்கு இரண்டு துண்டுத் துணியோடு, கழுத்திலிருந்து கால்வரை எண்ணெய் மினுங்க, புல்லில் விரித்த துவாயில் மல்லாந்து கிடந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. சனி முழுக்கு வெள்ளைக்காரரிடமும் உண்டென்று யாராவது எனக்குச் சொன்னார்களா! எங்களில் சனி ஆம்பிளைகளுக்கு, பெண்களுக்கு வெள்ளி. அதுதான் கொஞ்சம் பிசகு. மற்றது, தலையில் ஒரு துளி எண்ணெய் இல்லை. பாவம், முறை தெரியாமல் வைத்திருக்கிறார் என்று இரக்கப்பட்டேன்.

இரக்கப்பட்டதோடு நின்றிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த சீயக்காயை எடுத்து, தேசிக்காயும் வெட்டிப் போட்டு அவித்து, வடித்து, கைபிடிச் சட்டியோடு அடுத்த வளவுக்குப் போனேன். எண்ணெய் வைத்தால் பச்சைத் தண்ணீரில் முழுகக்கூடாது, முழுகிவிட்டுப் பகலில் நித்திரை கொள்ளவும் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். லொரெய்ன் எழுந்து உட்கார்ந்து, எவ்வளவு அன்பான மனுசி என்று நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லி, சட்டியைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். நான் ஐயோ என்று கத்துவதற்குள் இரண்டாவது மிடறும் போய்விட்டது. புது அயலவரின் சூப்பை முகம் சுளிக்காமல் குடிக்கவேண்டுமென்று வளர்க்கப்பட்டவராம், பிறகு சொன்னார். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் சிநேகிதம்.

அவர் செய்தது முழுக்கு இல்லை, நிறம் எடுப்பது. நத்தார் விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும்போது கால்கள் வெள்ளையாக இருந்தால் வெட்கமாம். கோடை முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தாயா என்று மற்ற ரீச்சர்மார் கேட்பார்களாம். கடைகளிலும் அப்படித்தான், நிறம் எடுக்கிற எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கடுக்காக இருந்தன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்களூரில் பத்துமணி வெயிலுக்குக் குடை இல்லாமல் படலையைத் தாண்டினால் அம்மா கூப்பிட்டுத் திட்டுவார். பயத்தம் மா, கஸ்தூரி மஞ்சள், பால் ஆடை என்று முகத்தில் எதையாவது அப்பாத வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அதுவும் எனக்கல்ல, என் தங்கச்சி சுகந்திக்கு. நான் ஒருமாதிரி அப்பாவின் நிறத்தில் தப்பிவிட்டேன். அவள் நல்ல கறுப்பு. கண்ணும் மூக்கும் செதுக்கி வைத்தது போலத்தான், ஆனால் யார் அதைப் பார்த்தார்கள்? வந்த சம்பந்தமெல்லாம் சாதகம் பொருந்தி, சீதனம் பொருந்தி, கடைசியில் "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்ற ஒற்றை வரியோடு திரும்பிப் போயின.

நாட்டுக் குழப்பத்துக்குப் பிறகு சுகந்தி எங்களிடம் வந்தாள். ஒனிஹங்காவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வந்த கிழமையே லொரெய்ன் வேலியடியில் அவளைப் பிடித்துக்கொண்டார். தன் கையை அவள் கையோடு ஒட்டி வைத்து, "இந்த நிறத்துக்கு நான் எத்தனை கோடை கிடந்து வறுபட வேணும்! நீ அதிர்ஷ்டக்காரி" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கடல் தாண்டி வந்தும் என் தங்கச்சியின் தோலைப் பகிடி பண்ண ஒருத்தியா! விறுவிறுவென்று அவளை உள்ளே இழுத்து வந்து கதவைச் சாத்தினேன்.

"அக்கா, அவ பகிடி பண்ணேல்லை" என்றாள் சுகந்தி.

"உனக்கு என்னடி தெரியும்? நீ நேற்று வந்தனி."

"பகிடி எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாதோ? சின்னனிலை இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

அன்று பின்னேரம் அவள் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றதைப் பார்த்தேன். பவுடர் டப்பா மூடியபடியே இருந்தது.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் இருவரும் லொரெய்னின் காரில் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். சுகந்தி நீந்தப் பழகினாள். யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடல்தான், ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் கடலில் கால் நனைத்ததோடு சரி. லொரெய்ன் ஒருநாள் தேத்தண்ணி குடித்தபடி சொன்னார், தன் தாயின் காலத்தில் இங்கேயும் குடையும் கையுறையும்தானாம். வெயில் பட்ட தோல் என்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவள் என்று அர்த்தமாம். பிறகு வேலையெல்லாம் கூரைக்குக் கீழே போனதும், கடற்கரையில் கிடக்க நேரமும் வசதியும் உள்ளவர்களின் அடையாளமாக அந்த நிறம் மாறிவிட்டதாம். தாய் சாகும்வரை மகளைப் பார்த்து, ஏன் இப்படிக் கருகிப் போகிறாய் என்று அழுதாராம். அட, அம்மாமார் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நினைத்தேன். வசதி உள்ளவர் எந்த நிறமோ அதுதான் வடிவு என்று இரண்டு ஊரும் தீர்மானித்து வைத்திருக்கின்றன. நடுவில் அகப்பட்டுச் சீரழிகிறது பெண்பிள்ளைகள்தான்.

இப்படி நான் ஞானம் பேசிக்கொண்டிருந்தபோது சம்பந்தம் ஒன்று வந்தது. பையன் பெயர் சிவநேசன். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. வெலிங்டனில் இருக்கிற அவருடைய மனோ அக்கா ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தகவல். என் ஞானமெல்லாம் பறந்தது. அதுவரைக்கும் கடற்கரைப் பக்கம் போகக்கூடாது என்று சட்டம் போட்டேன். சுகந்தி என்னை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, கேள். இதுதான் கடைசி. இதுவும் நிறத்தாலை போச்செண்டால், இனி ஒருத்தருக்கு முன்னாலையும் தட்டம் தூக்கிக்கொண்டு வந்து நிக்கமாட்டன். நீயும் கேக்கக்கூடாது, அம்மாவும் கேக்கக்கூடாது."

வீம்புக்குச் சொல்கிற பிள்ளை அல்ல அவள். சரி, பார்த்துக்கொள்வோம் என்று பயத்தம் மா கரைத்து வைத்தால், சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போன நேரத்தில் லொரெய்னோடு கடலுக்குப் போய்விட்டாள்! பின்னேரம் உப்பும் மணலுமாக, முன்னையிலும் ஒரு பிடி கூடக் கறுத்து வந்து நின்றாள். நான் கத்தாத கத்து இல்லை. இவர், என் மனிசன், பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஏதாவது பிரச்சினை என்றால் அது அவருடைய கோட்டை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அறைக்குள் சுகந்தியின் முகத்துக்கு நானே பவுடர் பூசிவிட்டு வந்து கதைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணித் தட்டத்தோடு அவள் வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருந்தாள். மனோ அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனுசி இல்லை, பார்க்கப் பழகிய பார்வை அது.

"பிள்ளை போட்டோவிலை கொஞ்சம் வெள்ளையாய் இருந்தவ..." என்று இழுத்தார்.

"அது ஸ்ரூடியோக்காரர் செய்த வேலை, அக்கா" என்றாள் சுகந்தி. "என்ரை நிறம் இதுதான். நேற்றுக் கடலிலை நிண்டனான், இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்."

இவர் வடையைக் கடித்தார், அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்கதவைத் தட்டிக்கொண்டு லொரெய்ன் வந்தார். காரில் சுகந்தி மறந்துவிட்ட துவாயைத் தரத்தான் வந்தார். ஆளைப் பார்த்தால் அவித்த இறால் நிறம், மூக்கில் தோல் உரிந்து தொங்குகிறது. இங்கே என்ன நடக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? விருந்தினர் என்று கண்டதும் குசாலாகிவிட்டார். சுகந்தியின் கையைப் பிடித்துத் தன் சிவந்த கையோடு சேர்த்து மனோ அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "நேற்று இரண்டு பேரும் ஒரே வெயிலில்தான் நின்றோம். இவளைப் பாருங்கள், என்னைப் பாருங்கள். இது நியாயமா, சொல்லுங்கள்!"

மனோ அக்கா என் பக்கம் குனிந்தார். "இவவுக்கு என்ன, விசரோ?"

"இல்லை அக்கா. உண்மையாப் பொறாமைதான்."

சிவநேசன் அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுகந்தியிடம் நேராகக் கேட்டார்.

"நீங்கள் உண்மையா நீந்துவியளோ?"

"ஓம். நீங்கள்?"

"எனக்குத் தண்ணியெண்டால் பயம்."

"வெயில்?"

"விமானத்துக்குக் கீழை நிண்டு பெட்டி தூக்கிறவனுக்கு வெயில் பயமோ?" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார். அவருடைய முழங்கைக்குக் கீழே இருந்த கறுப்புக்குச் சுகந்தியே தோற்றுப்போவாள்.

போகும்போது மனோ அக்கா, "ஊரிலை அம்மாவையும் கேட்டுப்போட்டுச் சொல்லுறம்" என்றார். இந்த வசனத்தின் பொருள் எங்கள் குடும்பத்துக்கு மனப்பாடம். வாசலில் நின்று கைகாட்டிவிட்டு உள்ளே வந்து, குசினியில் மறைவாக அழுதேன். சுகந்தி அழவில்லை. மிச்சமிருந்த வடையைத் தின்றாள். ஆனால் அடுத்த கிழமை முழுவதும் ரெலிபோன் அடித்தபோதெல்லாம் அவள் தலை நிமிர்ந்து பிறகு தாழ்ந்ததை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அது மறுபடி அடித்தது. சிவநேசன்தான். என்னைக் கேட்கவில்லை, இவரையும் கேட்கவில்லை, சுகந்தியைக் கேட்டார். நாளைக்குக் கடற்கரைக்குப் போனால் தானும் வரலாமா, முழங்கால் அளவு தண்ணீருக்கு மேலே வரச்சொல்லி மட்டும் கேட்கக்கூடாது என்றாராம். அவள் போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் எனக்கு விலா நொந்தது. தைமாதத்தில் கல்யாணம். தாலி கட்டும்போது மனோ அக்காவே பின்னால் நின்று கொடியைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு இந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வானத்தில் ஓசோன் ஓட்டை, இந்த வெயில் பொல்லாதது, தோலில் புற்றுநோய் வரும் என்று ரெலிவிஷனில் சொல்லத் தொடங்கினார்கள். எண்ணெய்ப் போத்தல்கள் இருந்த தட்டுகளில் வெயில் தடுக்கும் கிறீம்கள் ஏறின. லொரெய்னின் தோளில் இருந்த மச்சத்தை வெட்டி எடுத்தார்கள். நல்லகாலம், ஆபத்தில்லை. ஆனால் மனுசி பயந்துபோனார். அகலத் தொப்பியும் நீளக் கையுமாக வேலியடிக்கு வந்து நின்றபோது, எங்களூர் வயல்வெளிக்குப் போகிற பெண் மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். சிரித்தார், ஆனால் முந்திய சிரிப்பு இல்லை. எனக்கும் மனது பாரமாகத்தான் இருந்தது.

சுகந்திக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மாதம் திரும்பியதும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். ஒரு பின்னேரம் கொழும்பில் மாமா வீட்டில் இருந்த அம்மா ரெலிபோன் எடுத்தார். பிள்ளை பால் குடிக்கிறாளா, நித்திரை கொள்கிறாளா என்று கேட்டுக்கொண்டு வந்தவர், குரலைத் தாழ்த்தினார். "நிறம் என்ன மாதிரி?"

நான் திக்கித் திணறினேன். பிறந்த பிள்ளையின் நிறம் இப்போது சொல்ல முடியாது, மாறும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சுகந்தி பக்கத்தில்தான் நின்றாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா, என்ரை நிறம். அச்சொட்டாய் என்ரை நிறம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு நானும் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன், அம்மாவின் குரல் கரகரத்தது.

"அப்ப வடிவாத்தான் இருப்பாள். காலமையும் பின்னேரமும் இளவெயிலிலை காட்டு, பிள்ளை. ஒண்டுக்கும் பயப்பிடாதை."

சுகந்தி போனைப் பிடித்தபடியே நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எத்தனையோ சம்பந்தம் திரும்பிப் போனபோது அழாதவள். அவளை அழ விட்டுவிட்டு நான் முற்றத்துக்கு ஓடினேன். அங்கே தள்ளுவண்டியில் பிள்ளை கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தாள், தொப்பியோடு லொரெய்ன் காவல். அம்மா சொன்னபடி வண்டியை வெயிலுக்குத் தள்ளினேன். ஐயோ, பச்சைக் குழந்தை, கூடாது என்று லொரெய்ன் மரநிழலுக்கு இழுத்தார். நான் தள்ள, அவர் இழுக்க, இரண்டு பேரும் களைத்துப்போய் நின்றோம். இப்போது வண்டி நின்ற இடத்தில் பிள்ளையின் முகம் நிழலில் இருந்தது, கால்கள் இரண்டும் வெயிலில். இரண்டு பேரில் ஒருவரும் அதற்குப் பிறகு கைப்பிடியைத் தொடவில்லை.