இரண்டாயிரத்து நானூறு இடக்கைகள்

சின்னவள் போராடி வென்றவற்றை வரிசையாகச் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே பதினான்கடிக்குப் பதினோரடி அறையில் சொந்தமாக ஒரு கையுறைத் தையலகம். அதில் ஐந்து தையல் இயந்திரங்கள். ஐந்தும் பழையவை, ஐந்தும் ஓடுகிறவை. பெண்களுக்குத் துணி வெட்டும் வேலை சரிப்படாது என்று சொன்ன மூன்று மேற்பார்வையாளர்கள் வாயாலேயே "அவளைக் கூப்பிடு" என்று சொல்லவைத்த வேகம். அவளை நம்பி, பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்த நான்கு பெண்கள். கடைசியாக, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சரக்குக்கு ஒரு வாடிக்கையாளர்.

கடைசியாகச் சொன்னது தவிர மற்ற எல்லாமே ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கையை விட்டுப் போகவிருந்தன.

பன்னிரண்டு வருடம் பெரிய கையுறைத் தொழிற்சாலையில் வெட்டுப் பகுதியில் நின்றவள் அவள். துணியை இருபத்துநான்கு மடிப்பாக அடுக்கி, மேலே கை வடிவ இரும்பு அச்சை வைத்து, இயந்திரத்தை அழுத்தினால் ஒரே அமுக்கில் இருபத்துநான்கு கைகள் விழும். அங்கே ஓடியதெல்லாம் வெள்ளைப் பருத்தித் துணி. அதற்கு உள்புறம் வெளிப்புறம் கிடையாது. இடக்கைத் துண்டைத் திருப்பிப் போட்டால் வலக்கை. எனவே எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான்.

வேலையை விட்டு வெளியே வந்த மூன்றாம் மாதம் ஒரு வியாபாரி முதல் பெரிய வேலையைக் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு ஜோடி. உள்ளங்கைக்கு அவரே ரப்பர் பூசிய துணியை அனுப்பினார். பூச்சு ஒரு பக்கம் மட்டும். அப்படிப்பட்ட துணியைப் பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் அடுக்கினால்தான் இடக்கையும் வலக்கையும் சமமாக விழும். சின்னவள் அதைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், நல்ல துணி என்றாள். பிறகு பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் மொத்தத்தையும் பூச்சு மேலே தெரியும்படி அடுக்கி, ஒன்றரை நாளில் வெட்டி முடித்துவிட்டாள். ஒரு முழம்கூட மிச்சம் வைக்கவில்லை. துணியைச் சிக்கனமாக வெட்டுவதில் அவளுக்கு அத்தனை பெருமை.

செவ்வாய்க்கிழமை தைக்க உட்கார்ந்தார்கள். நால்வரில் சத்தமாகப் பேசுகிறவளுக்கு வெடி என்று பெயர். அவள்தான் முதலில் கேட்டாள்.

"அக்கா, வலது கைக் கட்டு எங்க?"

"நல்லாப் பாருடி. அடியில இருக்கும்."

"ஆறு கட்டு பிரிச்சுட்டேன்க்கா. எல்லாம் ஒரே கை. ஊருல எல்லாரும் ரெண்டு இடது கையோடவா பொறந்திருக்காங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து வந்தாள். ஒரு கட்டைப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரித்தாள். எல்லாக் கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவள் கட்டுகளைப் பிரிக்கவில்லை, கிழித்தாள். தரையெல்லாம் கைகள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கணக்குப் பார்த்து மூட்டை கட்டுவது அவளுடைய அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள்; எட்டாம் வகுப்புவரை படித்தவள். பெரியவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். இரண்டாயிரத்து நானூறு. ஒன்றுகூட வலக்கை இல்லை.

"எண்ணி என்னக்கா ஆகப்போகுது?" என்றாள் சின்னவள்.

"தெரிஞ்சுக்கணும்ல."

"தெரிஞ்சுபோச்சு. நாலு பேர் வயித்துல அடிச்சுட்டேன்."

அது மிகையில்லை. அந்த நால்வரும் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய அன்று மேற்பார்வையாளர் வாசலில் நின்று, "போங்க, போங்க. மூணு மாசத்துல வருவீங்க. அப்ப கதவு திறக்காது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்தச் சரக்கு போய்ச் சேராவிட்டால் வியாபாரி அடுத்த வேலை தரமாட்டார். அவரை விட்டால் அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

புதன்கிழமை முழுவதும் என்னென்னவோ செய்து பார்த்தாள். துண்டைத் திருப்பித் தைத்தாள். பூச்சு உள்ளே போய், ஐந்து நிமிடத்தில் கை வெந்து வியர்த்தது. பூச்சைச் சுரண்டி எடுத்து மறுபக்கம் ஒட்டிப் பார்த்தாள். துணியே பிய்ந்து வந்தது. மாலைக்குள் பதினொரு துண்டுகள் பாழானதுதான் மிச்சம். இதற்கிடையில் நால்வரில் ஒல்லியானவள், ஊசி என்பார்கள், யாரிடமும் சொல்லாமல் பழைய தொழிற்சாலை வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். காவல்காரர் பட்டியலைப் பார்த்து, பெயரை அடித்துவிட்டார்கள் என்று சொன்னாராம். வந்தவள் அழவில்லை, இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டாள். அவள் அழுதிருந்தால்கூடச் சின்னவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை வியாபாரி வந்தார். மாதிரிக்குத் தைத்து வைத்திருந்த ஒரு கையுறையை எடுத்து மாட்டினார், இன்னொன்றை எடுத்து வலக்கையில் மாட்டப் பார்த்தார், இரண்டையும் மேஜைமேல் போட்டார்.

"ஏம்மா, அனுபவசாலின்னு சொன்னாங்களே?"

"தப்பு என்னோடதுதான் ஐயா."

"தப்பை நான் மாட்டிக்கிட்டுப் போக முடியாது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஜோடி வேணும், இல்ல துணிக்குத் துணி வேணும். ரெண்டும் இல்லேன்னா இந்தத் தெருப் பக்கம் நான் வரமாட்டேன்."

வெள்ளிக்கிழமை கட்டடச் சாமான் கடைகளாக ஏறி இறங்கினாள். ஏழு கடைகள். ஒருவர், "தர்மத்துக்குக் குடுத்தாலும் வேண்டாம்மா, வைக்க இடமில்ல" என்றார். இன்னொருவர், வலக்கை இல்லாதவர்கள் சங்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லிச் சிரித்தார். சின்னவள் அன்று வீடு திரும்பியபோது பேயறைந்தவள் போலிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "கை கழுவத் தோணலைக்கா" என்றாள்.

சனிக்கிழமை மிச்சமிருந்தது ஒரே இடம். ஊர் ஓரத்தில் ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அறுக்கிற தொழிற்சாலை. அதன் சாமான் அறைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் தண்ணீர் கேட்டாள். குழாய் பின்புறம் என்றார். குழாயடியில் ஒரு கழிவுப் பீப்பாய் நின்றது. நிறைய பழைய கையுறைகள். குடிக்கப் போனவள் குடிக்காமல் நின்றாள். மேலாகக் கிடந்த ஒன்று புத்தம்புதிது போலிருந்தது. அதை எடுத்தாள். வலக்கை. அடுத்ததும் அழுக்கில்லாமல் இருந்தது. அதுவும் வலக்கை.

பீப்பாயை அப்படியே தரையில் கவிழ்த்தாள். சாமான் அறைக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றே! கண்ணாடித் தூள் இருக்கு, கையைக் கிழிச்சுக்கப் போறே!"

"இங்க பாருங்கய்யா. வலது கை எல்லாம் முழுசா இருக்கு. இடது கை எல்லாம் கட்டைவிரல் இடுக்குல கிழிஞ்சிருக்கு."

"வலது கையில அறுக்கிற கத்தி. கண்ணாடியைத் தாங்குறது இடது கை. கிழியாம?"

"அப்ப எதுக்கு ஜோடியா வாங்கி ஜோடியா எறியுறீங்க?"

அவர் பீப்பாயை நிமிர்த்தினார். "ஜோடியாத்தானே விக்கிறாங்க" என்றார்.

"நான் ஒத்தையா விக்கிறேன்."

அவர் மேலாளரிடம் கூட்டிப் போனார். மேலாளர் பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எட்டுப் பேர் நான்கு நாள் போட்டுப் பார்க்கட்டும், பிறகு பேசலாம் என்றார். அவள் எட்டு உறைகளை எண்ணி வைத்துவிட்டு வந்தாள். இதைச் சொன்னபோது அறையில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை.

"நாலு நாள் தாங்குமா?" என்றாள் ஊசி.

தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை, இரண்டாம் நாளே, ஐந்து உறைகள் அதே கட்டைவிரல் இடுக்கில் பிளந்து திரும்பி வந்தன. ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது. சின்னவள் அந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மனுஷன் கையை அறுத்துட்டேன்க்கா. விட்டுடலாம். நான் எங்கயாவது வீட்டு வேலைக்குப் போறேன்."

பெரியவள் மிஞ்சிய துண்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். ஒன்றின்மேல் ஒன்றாக, விரலுக்கு விரல் சரியாக. சின்னவள் அதைப் பார்த்தாள். எழுந்து வந்து மேலே இருந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்து எடுத்தாள். இடமும் வலமும் கலந்திருந்தால் ஒன்றின்மேல் ஒன்று இப்படி உட்காராது. எல்லாம் ஒரே கை என்பதால் ஒன்று மற்றொன்றுக்கு அச்சு அசலாகப் பொருந்தியது.

"ஊசி, இயந்திரத்துல உட்காரு. ஒண்ணு உள்ளங்கை. இன்னொண்ணை இடுக்குல இருந்து பாதி வரைக்கும் மேல ஒட்டுப் போட்டு ரெட்டைத் தையல் போடு."

"ஒரு உறைக்கு ரெண்டு துண்டு போயிடுமே!"

"போகட்டும். இல்லேன்னா எல்லாமே போயிடும்."

அன்று மாலைக்குள் எட்டு உறைகள் தைத்து, அவளே கொண்டுபோனாள். முந்திய உறையில் கை கிழிந்த ஆளைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அவர் காயத்தின் கட்டைப் பிரித்துக் காட்டி, "சின்னக் கீறல்தான், விடும்மா" என்றார். ஆனாலும் புது உறையை மாட்டுவதற்கு முன் அதை நான்கு தரம் இழுத்துப் பார்த்தார்.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. தகவல் இல்லை. வெடி நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அதுவே அந்த அறையில் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலையின் வண்டிக்காரர் படியேறி வந்து, எட்டில் ஒன்றும் கிழியவில்லை, மேலாளர் வரச்சொன்னார் என்றார். சின்னவள் அவரிடம் மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மேலாளருக்கு ஒரே ஒரு சந்தேகம். "அறுக்கிறவங்கள்ல இடதுகைக்காரன் ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு என்ன பண்ணுவே?"

"அவர் ஒருத்தருக்கு மட்டும் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டுறேன் ஐயா. இப்பத்தான் கத்துக்கிட்டேன்."

மேலாளர் முதல் முறையாகச் சிரித்தார். மறுநாள் வியாபாரி வந்தபோது உறைகளை வாங்கிக்கொள்வதாகக் கண்ணாடித் தொழிற்சாலை கொடுத்த கடிதத்தைப் பெரியவள் அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் கடிதத்தைத் தானும் ஒருமுறை வாசித்தார். துணிக்குத் துணி வந்துசேரும்வரை காத்திருக்கிறேன் என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்.

ஒரு வருட ஒப்பந்தத்துக்கு அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கம். இடக்கை உறை மட்டும், மாதந்தோறும். குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். இதுவரை எல்லாத் தாளிலும் அவள் கட்டைவிரலைத்தான் வைத்திருந்தாள். அவள் பெட்டியை மூடி, பேனா கேட்டாள். தகவல் வராத அந்த இரண்டு நாளும், வெட்டு மேஜைமேல் சாக்கட்டியால் தன் அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து அவள் தன் பெயரை எழுதிப் பழகியது வேறு யாருக்கும் தெரியாது. ஐந்து எழுத்துகள். மூன்றாவது எழுத்தின் சுழி கொஞ்சம் பெரிதாகிக் கோட்டைத் தாண்டியது. குமாஸ்தா கீழே தேதியையும் அவளையே போடச் சொன்னார். எண்கள் அவளுக்கு எப்போதும் வரும். 17-3-2011, வியாழக்கிழமை.