மதகு வளைவில் ஏழு நாள்

மயிலாப்பூரில் வண்டி கவிழ்ந்தால் முதலில் டாக்டருக்குத் தெரியும். அடுத்தபடி சகினாவுக்குத் தெரியும். கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் வீடு. ஜட்காவின் கூண்டுத் துணி, உட்காரும் மெத்தை, மோட்டார் காரின் மடக்குக் கூரை என்று எது கிழிந்தாலும் அங்கேதான் வரும். புருஷன் ரங்கூனுக்குப் போய், மூன்று வருஷம் கடிதம் போட்டு, பிறகு அதையும் நிறுத்திவிட்டபோது, அவன் விட்டுப்போன கித்தான் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள். 1927இல் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் தையல் அழகு என்று யாரும் சொன்னதில்லை. பிரிந்துவிட்டது என்றும் யாரும் சொன்னதில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்ட வண்டியின் பழைய துணியில் விரலகலத் துண்டு ஒன்றை நறுக்கி வைத்துக்கொள்வாள். பின்னால் ஒட்டுப்போட வந்தால் நிறம் பார்க்க வேண்டுமே! அந்தத் துண்டின்மேல், எந்தப் பிறையில் எந்த இடத்தில் அடிபட்டது என்று உருதுவில் மையால் எழுதுவாள். இங்கிலீஷ் தேதி அவளுக்கு வராது. நோன்புக்கும் பெருநாளுக்கும் எது கணக்கோ அதுவேதான் தையலுக்கும் கணக்கு. “பதினேழாம் பிறைக்கு வா நைனா” என்றால் எந்த வண்டிக்காரனுக்கும் புரியும். மாதம் முடிந்து புதுப்பிறை கண்டதும், அந்த மாதத்துத் துண்டுகளை நூலால் கட்டித் தகரப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

அந்த வருஷம் ரபியுல் ஆகிர் மாதம் பதின்மூன்றாம் பிறை மாலை, ஏழு மணி இருக்கும், அவள் தம்பி ஷரீஃபின் ஜட்காவே கவிழ்ந்தது. அடையாற்றுப் பாலத்துக்குப் போகிற பாதையில் ஒரு மதகு. அதை ஒட்டிச் சாலை சட்டென்று திரும்பும். எதிரே வந்த பஸ்ஸின் மட்கார்டு ஜட்காவின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. வண்டியில் இருந்த வக்கீல் குமாஸ்தாவுக்குக் கை ஒடிந்தது. குதிரை தப்பியது, ஷரீஃபும் தப்பினான். ஆனால் வண்டி சாலையின் வலது பக்கத்தில் கிடந்தது. அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? இன்ஸ்பெக்டர் அவன் சட்டையிலிருந்த பித்தளை வில்லையைக் கழற்றிக்கொண்டார். வில்லை இல்லாமல் சவாரி ஏற்றக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் புதன்கிழமை தீர்ப்பு. அன்று லைசென்ஸ் ரத்தானால் குதிரையை விற்க வேண்டியதுதான்.

ஸ்டேஷனில் ரைட்டர் சுவாமிநாதன் மாதாமாதம் விபத்துக் கணக்கு எழுதுவார். அதை இன்ஸ்பெக்டர் ஜட்கா ஸ்டாண்டுக்கே வந்து எல்லார் முன்னாலும் படித்தார். ஜூலையில் இரண்டு, ஆகஸ்டில் மூன்று, செப்டம்பரில் நான்கு, அக்டோபரில் ஏழு. “மழை வந்தால் உங்களுக்குக் குளிர்கிறது. குளிர்ந்தால் கள்ளுக்கடை. இந்தக் கணக்கே சொல்கிறது” என்றார்.

“நான் கள்ள மோந்துகூட பாத்ததில்ல ஆபா!” என்று ஷரீஃப் வீட்டுக்கு வந்து கத்தினான். ஆபா என்றுதான் அக்காவை அழைப்பான்.

“அத என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? ஏன் சோத்தாங்கைப் பக்கம் போன?”

“இருட்டுல அந்த மதகுச் செவுரு கண்ணுக்குத் தெரியல. இடிச்சிருவோமோன்னு ஒதுங்குனேன். அதுக்குள்ள பஸ்ஸு.”

தீர்ப்புக்கு ஒரு வாரம் இருந்தது. ஷரீஃபின் கிழிந்த கூண்டுத் துணியைத் தைக்க எடுத்தவள், ஒட்டுக்கு நிறம் தேடிப் பெட்டியைத் திறந்தாள். மதகில் அடிபட்டது என்று எழுதிய துண்டு ஒன்று கைக்கு வந்தது. பன்னிரண்டாம் பிறை. இன்னொன்று, பதினாறு. மூன்றாவது, பதினான்கு. சகினா ஊசியைக் கீழே வைத்தாள். கட்டுகளை எல்லாம் அவிழ்த்துத் தரையில் பரப்பினாள். இரண்டு வருஷத்தில் மதகு வளைவில் அடிபட்ட வண்டிகளின் துண்டுகள் பதினொன்று. அவற்றில் ஒன்பது, பதினொன்றாம் பிறைக்கும் பதினேழாம் பிறைக்கும் நடுவே. மற்ற இடங்களில் அடிபட்டவை மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இவை மட்டும் கும்பலாகக் கூடி நின்றன.

ஜட்காக்காரர்கள் எப்போதும் சொல்வதுதான்: நிலா பெருத்தால் குதிரைக்குக் கிறுக்குப் பிடிக்கும். அதற்காகவே பத்தாம் பிறையன்று குதிரையின் கழுத்தில் தாயத்து மாற்றிக் கட்டுவார்கள். வெறும் பேச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இதோ, துணியே சாட்சி சொல்கிறதே! துண்டுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

சுவாமிநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னம்மா இது? ஜவுளிக்கடையைக் கொண்டுவந்து என் மேஜைமேல கொட்டிண்டிருக்கே?”

“குத்தம் என் தம்பி மேல இல்ல சாமி. நிலா மேல கீது!”

ஸ்டேஷனே சிரித்தது. “பேஷ்! சந்திரனுக்குச் சம்மன் எழுதட்டுமா? எந்த விலாசத்துக்கு அனுப்பறது?” என்றார் அவர். ஆனால் அவள் ஒவ்வொரு துண்டாக வைத்துப் படிக்கப் படிக்க அவருடைய சிரிப்பு குறைந்தது. கணக்கு என்றால் காது கொடுத்துக் கேட்கிற மனுஷர். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“சரி, பௌர்ணமி வந்தா குதிரைக்குக் கிறுக்குன்னே வெச்சுக்கோ. சித்திரையிலயும் பௌர்ணமி வரது, வைகாசியிலயும் வரது. அந்த மாசத்துத் துணி எங்கே?”

சகினா துண்டுகளைப் புரட்டினாள். இல்லை. ஒன்பதும் மழை மாதங்களிலேயே இருந்தன. வெயில் காலத்து முழுநிலாவில் ஒரு குதிரைகூட மதகில் தடுமாறவில்லை.

“குதிரை கோடையில மட்டும் தெளிஞ்சுடறதோ?” என்றார் சுவாமிநாதன். இப்போது கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். துண்டுகளைத் திரும்ப அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் எரிந்தது. கண்ணெதிரே இருந்ததைச் சரியாகப் பார்த்துவிட்டு, ஊர்ப்பேச்சைக் கொண்டுபோய் அதற்குக் காரணமாக வைத்தோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போக மனம் இல்லை. நேராக மதகுக்கு நடந்தாள்.

பகல் வெளிச்சத்தில் அது ஒன்றுமில்லாத இடம். முழங்கால் உயரச் சுவர், பாசி பிடித்துக் கறுத்திருந்தது. சாலை அதை உரசிக்கொண்டு திரும்பியது. சுவரருகே விளக்குக் கம்பம். அதன்மேல் ஏணி சாய்த்து நின்று அங்கமுத்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்து மண்ணெண்ணெய் விளக்குகளை மாலையில் ஏற்றுகிறவன் அவன்.

“இன்னா பாயம்மா, மதகுல இன்னா தேடறே?”

“என் தம்பி உருண்டானே, அன்னிக்கு உன் வெளக்கு எரிஞ்சுதா?”

“எப்டி எரியும்? அன்னிக்கு எனக்கு லீவாச்சே!”

“இன்னா லீவு?”

“பௌர்ணமிக்கு முன்னே மூணு நாளு, பின்னே மூணு நாளு. நடுவுல பௌர்ணமி. ஏழு நாளும் நெலா எரியுதுல்ல, வெளக்கு எதுக்கு? மாசாமாசம் அப்டித்தான். காண்டிராக்டரு அட்டை குடுத்துகீறாரு, பாரு.” இடுப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினான்.

சகினாவின் கை ஏணியைப் பிடித்துக்கொண்டது. “மேகம் மூடிச்சின்னா?”

“மேகத்துக்கு நான் இன்னா பண்ணுவேன்? அட்டையில ஏத்தாதேன்னு போட்டுகீது. ஏத்தல.”

“மழைக்காலத்துலயுமா?”

“அட்டைக்கு மழ தெரியுமா பாயம்மா?”

அவ்வளவுதான்! அமாவாசைப் பக்கம் விளக்கு எரிகிறது. கோடைப் பௌர்ணமியில் நிலா எரிகிறது. மழைக்காலத்துப் பௌர்ணமியில் இரண்டும் இல்லை. அந்த ஏழு நாள் இருட்டில், கறுப்புச் சுவரைக் கண்டு பயந்து, எல்லா வண்டியும் வலது பக்கம் ஒதுங்குகிறது. சகினாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “அந்த அட்டைய குடு!” என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். “யம்மா, அது இல்லாட்டி எனக்கு வேல போயிடும்!” என்று கத்திக்கொண்டே அங்கமுத்து ஏணியோடு பின்னால் ஓடினான்.

சுவாமிநாதன் சாப்பிடக் கிளம்பியவர், அட்டையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார். “நகராதே, இதோ வந்துட்டேன்” என்று பக்கத்துத் தெருவில் இருந்த வீட்டுக்கு, அந்தத் தொந்தியோடு ஓட்டமும் நடையுமாகப் போய், இரண்டு வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தார். அதில் இங்கிலீஷ் தேதியும் இருக்கும், திதியும் இருக்கும்.

“ரிஜிஸ்டர்ல மதகு வளைவு மட்டும் சொல்றேன். நீ பிறையைச் சொல்லிண்டு வா. போன வருஷம் அக்டோபர் இருபத்திரண்டு… பௌர்ணமிக்கு மறுநாள்!”

“பதினஞ்சாம் பிறை. அக்பர் பாஷா வண்டி, பச்சைக் கித்தான், இதோ!”

“நவம்பர் பதினேழு… துவாதசி.”

“பன்னெண்டு. இதோ!”

தேதி ஒவ்வொன்றாக விழுந்தது. துணி ஒவ்வொன்றாக எழுந்தது. அவளிடம் வராத வண்டிகளும் ரிஜிஸ்டரில் இருந்தன. அவற்றிலும் இரண்டு அதே ஏழு நாளில் போய் விழுந்தபோது சுவாமிநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டிப் பார்த்தார். மொத்தம் பதினான்கு விபத்து. அவற்றில் பதினொன்று விளக்கில்லாத நாளில். மிஞ்சிய மூன்றில் இரண்டு பட்டப்பகலில் நடந்தவை, ஒன்று அச்சாணி கழன்றது.

“முப்பது நாள்ல ஏழு நாள். சமமா வந்தா மூணோ நாலோதான் வரணும்” என்றார். பேனாவைத் துடைத்து மூடினார். “வருஷக்கணக்கா நானே என் கையால எழுதிண்டு வரேன். இங்கிலீஷ் மாசத்துல பௌர்ணமி ஒரு தடவை எட்டாந்தேதி வரும், ஒரு தடவை இருபதாந்தேதி வரும். எங்கேயும் சேர்ந்து நிக்காது. கண்ணுக்கே படலை.”

“இத இன்ஸ்பெக்டரு கேப்பாரா சாமி?”

“கேக்க மாட்டார். கேக்க வெப்போம். புதன்கிழமை என்ன நாள் தெரியுமா? கபாலீஸ்வரருக்கு அன்னாபிஷேகம். பௌர்ணமி!”

புதன்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் துணித் துண்டுகளை விரல் நுனியால் தள்ளினார். பஞ்சாங்கத்தைத் தொடவே இல்லை. “கணக்கு சரியாகவே இருக்கட்டும். இவன் சாலை முறையை மீறினான் என்பது மாறுமா? இடது பக்கம் போகத் தெரிந்தவன் எந்த இருட்டிலும் போவான்” என்றார்.

சகினா முன்னால் வந்தாள். ஷரீஃப் முந்தானையைப் பிடித்து இழுத்தான், உதறிவிட்டாள். “ஐயா, இன்னிக்கும் அங்க வெளக்கு கெடையாது. நீங்க ஒரு தபா அந்த வளைவுல போயிட்டு வாங்க. எடது பக்கமாவே போயிட்டீங்கன்னா, என் தம்பி வில்லைய நீங்களே வெச்சிக்கங்க. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்.”

“ஆபா!” என்று ஷரீஃப் மறுபடி முந்தானையைப் பற்றினான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். எட்டு வருஷமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்.

மாலை ஆறேமுக்காலுக்கு மதகருகே நாலு பேரும் நின்றார்கள்: சகினா, ஷரீஃப், பைலைக் கக்கத்தில் இடுக்கிய சுவாமிநாதன், அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்ட அங்கமுத்து. முழுநிலா எங்கேயோ இருந்தது. இங்கே கை நீட்டினால் கை தெரியவில்லை. தூரத்தில் மோட்டார் சைக்கிள் உறுமியது. சின்ன மஞ்சள் வெளிச்சம் ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. இடது பக்கம். சரியாக இடது பக்கமே. என்ன வாக்குக் கொடுத்துவிட்டோம்! இன்னும் கிட்டத்தில். இன்னும் இடது பக்கமே.

மஞ்சள் வெளிச்சம் கறுத்த சுவர்மேல் பட்டது. அடுத்த நொடி வண்டி வலது பக்கம் பாய்ந்தது. எதிரே அடையாற்றிலிருந்து காய்கறி ஏற்றி வந்த மாட்டுவண்டி! பிரேக் கிறீச்சிட்டது. மாட்டின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

“யோவ்! கண்ணு கீதா உனுக்கு? எந்தப் பக்கத்துல வர்றே?” என்று வண்டிக்காரன் எழுந்து நின்று கத்தினான். இருட்டில் அவனுக்கு உடுப்புத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் என்ஜினை நிறுத்தினார். வண்டியைவிட்டு இறங்கினார். சக்கரம் நிற்கிற இடத்தைப் பார்த்தார். சாலையின் அகலத்தைக் காலால் அளந்துகொண்டே சுவர்வரை போனார்; அளந்துகொண்டே திரும்பி வந்தார். பிறகு பார்த்தார், அங்கமுத்து ஏணியோடு நிற்பதை.

“விளக்கை ஏற்று.”

“அட்டையில இல்லியே சாமி…”

“ஏற்று என்கிறேன். ரைட்டர், நாளைக்கு விளக்குக் காண்டிராக்டருக்குக் கடிதம் போக வேண்டும். இந்தக் கம்பத்துக்கு முப்பது நாளும் விளக்கு. சுவருக்குச் சுண்ணாம்பு.” சற்று நின்றார். “அந்த வில்லை உம்ம பைலில்தானே இருக்கிறது? கொடுத்துவிடும்.”

மன்னிப்பு என்றோ நன்றி என்றோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வண்டியை இடது பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் உதைத்துக் கிளப்பினார். சகினாவும் அந்த வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. சுவாமிநாதன் நீட்டிய வில்லையை வாங்கி ஷரீஃப் அங்கேயே குத்திக்கொள்ளப் பார்த்தான். ஊக்கு சட்டையில் ஏற மறுத்தது. அவளே பிடுங்கிக் குத்திவிட்டாள்.

கம்பத்தின்மேல் திரி பற்றிக்கொண்டது. மதகுச் சுவர் நீளமாகத் தெரிந்தது.

“நின்னு இன்னா பாக்குற? ரைட்டர் ஐயரு பசியோட கீறாரு, நானும் கீறேன். போய் வண்டியக் கொண்டா!” என்றாள் சகினா. ஷரீஃப் ஓடினான்.